ஜியும் எச்சும் சேர்ந்தால்: கேள்வி பதில்

சேலத்தில் முப்பது வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியவன். ஜிஎச் வரும் சொற்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள்.

அஸ்தம்பட்டி மாணவி: நைட், டாட்டர் இவற்றில் ஜிஎச் ஒலிக்கவே இல்லை. பிறகு எதற்கு எழுதுகிறார்கள்?

ஒருகாலத்தில் ஒலித்ததம்மா. 'அஃது' என்று நிதானமாகச் சொல்லிப் பார். தொண்டையில் காற்று உரசும். பழைய ஜிஎச்சும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஜெர்மன்காரர்கள் இரவை இன்றும் 'நாஹ்ட்' என்று உரசித்தான் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் நாக்கில் ஒலி தேய்ந்துபோய் எழுத்து மட்டும் மிஞ்சியது. சில சொற்களில் அது உதட்டுக்கு வந்து எஃப் ஆகிவிட்டது: லாஃப் (சிரிப்பு), காஃப் (இருமல்), ரஃப் (சொரசொரப்பு), இனஃப் (போதும்), ட்ராஃப் (மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி). நாமும் 'ஃபோன்' என்று எழுத ஆய்தத்தைத்தானே பிடித்து இழுக்கிறோம்! டிலைட் (மகிழ்ச்சி) ஒரு போலி. பிரெஞ்சிலிருந்து ஜிஎச் இல்லாமல் வந்து, லைட்டைப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

ஓமலூர்: கோஸ்ட்டில் எச் எதற்கு?

அச்சகத்தில் ஏறிய பேய் அது. 1476இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த காக்ஸ்டன், அதற்குமுன் ஃபிளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பக்கத்து டச்சு) பேசும் ஊர்களில் வாழ்ந்தவர். ஜிக்குப் பின்னால் எச் போட்டு எழுதும் அந்த ஊர் வழக்கம் கூடவே வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: சொற்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். என் மாணவன் ஒருவன் 'கோஸ்ட்' என்று குறித்துவைத்து, பரீட்சையில் கிழக்குக் கடற்கரையைக் கிழக்குப் பேய் ஆக்கிவிட்டான்.

சூரமங்கலம்: சார், ஜிஎச்சுக்கு எந்த பஸ்?

அது பெரியாஸ்பத்திரி. கண்டக்டரைக் கேளுங்கள்.

ஆத்தூர்: ஜிஎச்ஓடிஐ என்று எழுதி ஃபிஷ் என்று படிக்கலாம் (ரஃபில் வரும் ஜிஎச், விமனில் வரும் ஓ, நேஷனில் வரும் டிஐ) என்று நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னாராமே?

ஷா பிறந்தது 1856. இந்த வேடிக்கை 1855ஆம் வருடக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது. தவிர, சொல்லின் தொடக்கத்தில் ஜிஎச் ஒருபோதும் எஃப் ஆகாது. கீ என்றால் நெய், கூல் என்றால் பிணம் தின்னும் பேய், கெர்கின் என்றால் ஊறுகாய்க்கான குட்டி வெள்ளரி. எல்லாமே ஜி ஒலிதான்.

ஏற்காடு: காட் ரோடு என்பதில் உள்ள காட், நம்ம காடுதானே? எங்க ஊர்ப் பெயரிலேயே இருக்கே!

இல்லை. இந்தியிலிருந்து போன சொல். முதலில் படித்துறை, அப்புறம் மலைக்கணவாய், கடைசியில் மலைத்தொடருக்கே பெயராகிவிட்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். முன்பே எச்சரித்தேன்.

ஏற்காடு (மறுபடியும்): இந்திக்கு எங்கிருந்து வந்ததாம்?

சமஸ்கிருதத்தில் 'கட்ட' என்று உண்டு. அதைத் தெலுங்கு 'கட்டு'வோடும் நம் 'கட்டு'வோடும் இணைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சண்டை போட்டே ஆகவேண்டும் என்றால் கட்டுக்காகப் போடுங்கள், காட்டுக்காக வேண்டாம்.

கொல்லிமலை: ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. எங்களுக்கு எழுபது. எது பெரிய காட்?

வளைவுக் கணக்கு என் பாடத்தில் இல்லை.

ஏற்காடு: உயரம் யாருக்கு அதிகம் என்று கேளுங்கள் சார்!

ஐயா, 'ஹைட்'டில் ஜிஎச் இருக்கிறது. அதோடு விடுங்கள்.

மேட்டூர்: எஸ்எல்ஓயூஜிஎச் என்பது ஸ்லஃப்பா, ஸ்லௌவா?

பாம்பு சட்டை உரித்தால் ஸ்லஃப். சேறு என்றால் ஸ்லௌ.

எடப்பாடி: சார், நைட்டில் ஜிஎச் ஏன் ஒலிக்கவில்லை?

முதல் பதில். 'அஃது' என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் படிக்கவும்.