தேமகோகேயோ: ஒரு கிரேக்க வினை

அன்புள்ள ஐயா,

கிரேக்கப் படைத்தலைவர் செனோபோன் தன் படைப்பயணத்தைப் பற்றி எழுதிய 'அனபாசிஸ்' படித்து வருகிறேன். ஏழாம் நூலில் செனோபோனைப் பற்றி, 'இவர் வீரர்களிடம் பிரபலம் தேடுகிறாரா?' என்று கேட்கிறார்கள். மூலத்தில் அங்கே தேமகோகேயோ என்ற வினை இருப்பதாக அடிக்குறிப்பு சொல்கிறது. மக்களைத் தூண்டிவிட்டு ஆதாயம் தேடும் அரசியல்வாதியைச் சொல்லும் 'டெமகாக்' என்ற வசைச்சொல் இதிலிருந்து வந்ததுதானே? அப்படியானால் 'மக்களை ஏமாற்றுவது' என்றே பொருள் கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஏறக்குறைய அப்படித்தான்: இந்த வினைக்குரிய பெயர்ச்சொல்லான தேமகோகோஸிலிருந்து வந்தது. ஆனால் ஏமாற்றுவது என்று கொள்ள வேண்டாம். தேமோஸ் என்றால் மக்கள், அகோ என்றால் கூட்டிப்போவது. வீட்டுப் பையனைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் அடிமையைப் பைதகோகோஸ் என்றார்கள், அதிலும் இதே அகோதான். ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸை 'நல்ல தேமகோகோஸ்' என்று பேச்சுக்கலை ஆசிரியர் ஐசாக்ரட்டீஸ் மனமாரப் புகழ்ந்திருக்கிறார்.

அரிஸ்டாட்டிலிடம் வரும்போது மக்களே தேவையில்லை என்றாகிவிடுகிறது. பொ.மு. 404இல் ஏதென்ஸை ஆண்ட முப்பது பேரில் காரிக்ளிஸின் ஆட்கள் மற்றவர்களை 'தேமகோகேயோ' செய்தே செல்வாக்குப் பெற்றார்கள் என்று 'அரசியல்' நூலில் எழுதுகிறார். முப்பது பேர் எங்கே, தேமோஸ் எங்கே! ஆட்களின் மனத்தைப் பிடித்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வது என்ற பொருள் மட்டும் மிஞ்சுகிறது.

சரி, உங்கள் இடத்துக்கு வருவோம். பொ.மு. 399 வாக்கில், திரேஸ் நாட்டில் நடப்பது. சியூதஸ் என்ற தலைவன் கிரேக்கக் கூலிப்படையிடம் வேலை வாங்கிவிட்டுச் சம்பளத்தை இழுத்தடிக்கிறான். அந்தப் படையை ஆசியாவுக்கு அழைத்துப்போக இரண்டு ஸ்பார்ட்டாக்காரர்கள் வருகிறார்கள். செனோபோன் எப்படிப்பட்ட ஆள் என்று சியூதஸைக் கேட்கிறார்கள். மற்றபடி மோசமில்லை, ஆனால் வீரர்கள் மேல் பிரியம் உள்ளவர், அதனாலேயே அவருக்கு நஷ்டம் என்கிறான் அவன். உடனே அடுத்த கேள்வி: அப்படியென்றால் ஆட்களை 'தேமகோகேயோ' செய்கிறாரா? சியூதஸின் ஆள் ஹெராக்ளீடஸ், 'ஆமாம், நன்றாகவே' என்கிறான்.

பிரியம் என்ற சொல் ஒரே மூச்சில் ஆள் பிடிப்பதாக மாறிவிடுகிறது, கவனித்தீர்களா? இத்தனைக்கும் இருவரும் பேசுவது ஒரே நடத்தையைப் பற்றித்தான். வசை இருப்பது கேட்பவரின் சந்தேகத்தில். படையை அழைத்துப்போக வந்தவருக்கு அந்தப் படை யார் பேச்சைக் கேட்கும் என்பதுதான் கவலை. இதையெல்லாம் எழுதியவர் செனோபோனே. தன் மேல் விழுந்த சொல்லை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தமிழில் நான் 'ஆட்களைக் கைக்குள் போட்டுக்கொள்கிறாரா?' என்று எழுதுவேன். 'பிரபலம் தேடுவது' தவறில்லை, ஆனால் மேடையும் கைதட்டலும் நினைவுக்கு வந்துவிடும். இங்கே இருப்பது பனியில் சம்பளமில்லாமல் கிடந்த ஒரு படை.

அடுத்த பக்கங்களையும் விடாமல் படியுங்கள். மறுநாள் படை கூடுகிறது. ஆர்க்கேடியாக்காரன் ஒருவன் எழுந்து, சியூதஸிடம் பணம் வாங்கிக்கொண்டு எங்களை ஏமாற்றியவர் என்று செனோபோனைக் குற்றம் சாட்டி, அவரைக் கல்லால் அடிக்க வேண்டும் என்கிறான்.