மூட்டுவலிக்கு நானோ ஊசி வந்துவிட்டதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. முடக்குவாதத்துக்குப் பல வருடமாக மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். நானோ துகள் ஊசி போட்டால் நோய் அடியோடு போய்விடும், மாத்திரையே வேண்டாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம். அதிலிருந்து மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறார். அந்த ஊசி எங்கே கிடைக்கும்?
- வாசகி, கரூர்

பதில்: முதலில், எத்தனை வாரம் மாத்திரை விட்டுப்போனது என்று அவருடைய டாக்டரிடம் சொல்லி, மறுபடி ஆரம்பிக்கச் செய்யுங்கள். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துத்தான் காலையில் விரல் மடங்க மறுக்கும், காபி டம்ளரைப் பிடிக்க முடியாது. அதற்குள் மூட்டுக்குள் எலும்பு அரிக்கத் தொடங்கியிருக்கலாம். அரித்த எலும்பை எந்த ஊசியும் பழையபடி ஆக்காது. இன்னொன்று: விட்டதை ஈடுகட்ட தினமும் போடக் கூடாது. அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. தினசரி காலண்டரில் அந்தக் கிழமைத் தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைக்கச் சொல்வது என் வழக்கம்.

அம்மா கேட்ட ஊசி எந்த ஊரிலும் கிடைக்காது. முடக்குவாதத்தை அடியோடு போக்கும் நானோ ஊசி என்று எதற்கும் இதுவரை அனுமதி இல்லை. ஆனால் அந்த வீடியோவுக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கையும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முடக்குவாதம் என்பது உடலின் எதிர்ப்பு அணுக்கள் சொந்த மூட்டுகளையே தாக்கும் நோய். இந்த ஆராய்ச்சி அப்படிப்பட்ட தாக்குதலை அடக்கப் பார்க்கிறது.

சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மில்லர் என்ற நோய் எதிர்ப்பு விஞ்ஞானியின் குழு, 2012-ல் எலிகளில் செய்த சோதனை ஒன்றை வெளியிட்டது. அந்த எலிகளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய். அதாவது, உடலின் எதிர்ப்பு அணுக்கள் நரம்பின் மேலுறையான மையலினையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு தானே கரைந்துபோகும் தையல் நூல் இருக்கிறதல்லவா, அதே வகைப் பொருளில் சுமார் 500 நானோமீட்டர் அளவுக்குத் துகள் செய்தார்கள். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு கூட வராது. அதனோடு மையலின் புரதத்தின் ஒரு துணுக்கை இணைத்து ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். நோய் அடங்கியது.

காரணம் இதுதான். நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் ஆயுள் முடிந்து சாகின்றன. மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள துப்புரவுச் செல்கள் அவற்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அவற்றுக்குள் இருந்த புரதங்களை 'இது நம்முடையது' என்று எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டியும் கொடுக்கும். இந்தத் துகளையும் அப்படி ஒரு செத்த செல்லாகவே அவை எடுத்துக்கொள்கின்றன. முன்பின் தெரியாத ஆள் தனியாக வந்தால் தெருநாய் குரைக்கும். தெருக்காரர் ஒருவரோடு சேர்ந்து வந்தால் சும்மா இருக்கும். மையலின் துணுக்கு வந்த விதமும் அப்படித்தான்.

இதில் என்னைக் கவர்ந்தது, மற்ற எதிர்ப்புச் சக்தி அப்படியே இருப்பதுதான். இப்போது நாங்கள் தரும் மருந்துகள் மொத்தப் படையையும் கொஞ்சம் மட்டுப்படுத்துகின்றன. அதனால்தான் சில மருந்துகளை ஆரம்பிக்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

மனிதரிடம் இந்த முறை முன்னேறியிருப்பது சீலியாக் நோயில். கோதுமையில் உள்ள குளூட்டன் உள்ளே போனதும் எதிர்ப்பு அணுக்கள் சிறுகுடலைத் தாக்கும் நோய் அது. குளூட்டனின் ஒரு பகுதியான கிளையடினைத் துகளுக்குள் வைத்து, 30 பேருக்குச் சற்று அதிகமானவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குத் துகள், மீதிப் பேருக்கு வெறும் திரவம். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை ஏற்றிவிட்டு, கோதுமையை ஒதுக்கியே வாழ்ந்த அவர்களை 14 நாள் குளூட்டன் சாப்பிட வைத்தார்கள். துகள் பெற்றவர்களிடம் குளூட்டனுக்கு எதிரான அணுக்களின் எழுச்சி 88 சதவீதம் குறைவு என்று 2021-ல் வெளியான கட்டுரை சொல்கிறது. குடலுக்கு ஏற்பட்ட சேதத்தில் இரு பிரிவினருக்கும் இடையே அவ்வளவு திட்டவட்டமான வித்தியாசம் தெரியவில்லை. சிறிய சோதனை, இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தாக வேண்டும்.

சீலியாக்கில் குற்றவாளி யார் என்று தெரியும். துகளுக்குள் எதை வைப்பது என்பதில் குழப்பமில்லை. முடக்குவாதத்தில் அப்படி இல்லை. அம்மாவுக்கு ஆன்டி-சிசிபி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருப்பார்கள். அது ஒரே ஒரு புரதத்தைக் குறிக்காது. உருமாறிய பல புரதங்களை எதிர்ப்பு அணுக்கள் குறிவைக்கின்றன, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். அம்மாவின் துகளுக்குள் எதை வைப்பது? இதற்குப் பதில் கிடைக்கும் வரை மெத்தோட்ரெக்சேட்தான் அவருடைய விரல்களுக்குக் காவல்.

கேள்வி: தங்க பஸ்பத்திலும் நானோ துகள் இருக்கிறது என்கிறார்கள். முடக்குவாதத்துக்கு அதைச் சாப்பிடலாமே?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தங்கத்துக்கும் இந்த நோய்க்கும் பழைய உறவு உண்டு. பிரான்சில் ஜாக் ஃபோரெஸ்டியே 1929-லேயே தங்க உப்பு ஊசியை முடக்குவாதத்துக்குப் பயன்படுத்தி எழுதினார். பல பத்தாண்டுகள் உலகமெங்கும் போட்டார்கள். சிலருக்குக் கேட்டது, சிலருக்குச் சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்தது. மெத்தோட்ரெக்சேட் வந்ததும் அது ஒதுங்கியது. துகள் சின்னதாக இருந்தால் மட்டும் போதாது. மேலே சொன்ன எலிச் சோதனையிலேயே சம்பந்தமில்லாத புரதத்தைச் சுமந்த துகளைப் பெற்ற எலிகளுக்கு நோய் வந்தது. பஸ்பம் எதைச் சுமக்கிறது? கடையில் வாங்கும் பொட்டலத்தில் வேறு என்ன உலோகம் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. சிறுநீரகத்தை வைத்துச் சோதனை செய்யாதீர்கள்.

கேள்வி: சர்க்கரை இருப்பதால் நாங்கள் இரவில் சப்பாத்திக்கு மாறிவிட்டோம். அடிக்கடி வயிறு உப்புகிறது. சீலியாக் வட இந்தியர்களுக்குத்தான் வரும் என்கிறார்களே, சரியா?
- வாசகி, திருச்சி

பதில்: முழுக்கச் சரியில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் ஹரியானா, அசாம், நம் வேலூர் என மூன்று பகுதிகளில் 23,000-க்கும் அதிகமானவர்களைப் பரிசோதித்தார்கள். வடக்கே 100-க்கு 1.23 பேருக்கு சீலியாக், தெற்கே 0.10. ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு! வித்தியாசம் தட்டில்: அங்கே ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிடும் கோதுமை சராசரியாக 455 கிராம், இங்கே 25 கிராம்.

ஆகவே உங்களுக்கு வர வாய்ப்பு குறைவு, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. உப்புசத்துக்கு வேறு நூறு காரணம் இருக்கலாம். கூடவே எடை குறைகிறதா, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தசோகை தீரவில்லையா என்று பாருங்கள். அப்படி இருந்தால் டாக்டரிடம் சீலியாக் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதுவரை சப்பாத்தியை நிறுத்த வேண்டாம். கோதுமையை விட்டு மாதக்கணக்கில் ஆனபின் பரிசோதித்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும்.