பூச்சிகளைக் காக்கச் சட்டம் எதற்கு?

கேள்வி: ஐரோப்பிய நாடுகள் காடுகளையும் சதுப்பு நிலங்களையும் சரணாலயங்களாக்கிக் காத்துவருகின்றன. அப்படியிருக்க, பூச்சிகளுக்கும் புல்வெளிகளுக்கும் சட்டம் போட்டு உழவர்களின் கோபத்தைத் தேடிக்கொள்வது ஏன்? மக்களின் மனச்சாட்சிக்கே விட்டுவிடக் கூடாதா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: சரணாலயம் மட்டும் போதாது என்பதை ஐரோப்பா பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் ஆர்வலர்கள், 1989 முதல் 63 இடங்களில் கூடாரம் போன்ற வலைகளைக் கட்டி, வலையோடு இணைத்த சாராயப் புட்டியில் விழுந்த பறக்கும் பூச்சிகளை எடைபோட்டு வந்தார்கள். 27 ஆண்டுகளில் அந்த எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. வலை கட்டிய இடங்கள் அத்தனையும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் என்பதுதான் நெஞ்சை உலுக்குகிறது. வானிலை மாற்றத்தைக் கொண்டு இதை விளக்க இயலாத ஆய்வாளர்கள், சுற்றியுள்ள தீவிர வேளாண்மையையே ஐயுற்றார்கள்.

மனச்சாட்சி அங்கே இல்லாமலில்லை. 2019 பிப்ரவரிக் குளிரில் ஜெர்மனியின் பவேரிய மாநில மக்கள் நகராட்சி அலுவலக வாசல்களில் வரிசையில் நின்று, 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களை இட்டார்கள். அவர்கள் கேட்டதே சட்டத்தைத்தான். அவ்வாண்டே சட்டமும் வந்தது. ஓடைக்கரையில் 5 மீட்டர் அகலத்துக்கு உழக்கூடாது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட புல்வெளியை ஓரத்திலிருந்து உள்நோக்கி அறுக்கக்கூடாது. சுற்றிவளைத்து அறுத்தால் நடுவில் ஒடுங்கும் உயிர்கள் கடைசிச் சுற்றில் கத்திக்கு இரையாகும்; நடுவிலிருந்து தொடங்கினால் அவை வெளியே ஓடித் தப்பலாம்.

ஓர் உழவர் தாமாகவே வரப்பில் பூச்செடிகளை விட்டுவைத்தால், விளைச்சலில் குறைவது அவருக்கு. தேனீயால் காய்ப்பது பக்கத்து ஊர்ப் பழத்தோட்டம். இந்தக் கணக்கை நேர்செய்யப் பொதுப்பணம் வேண்டும். அந்தப் பணம் இல்லாமலும் இல்லை: ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேளாண்மைக்கே போகிறது. அதில் பெரும்பகுதி நீண்டகாலமாக நிலப்பரப்பை அளந்தே வழங்கப்பட்டு வருவதால், நிலம் மிகுந்தவருக்கே பணமும் மிகுந்தது.

ஆகவே உழவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. 2024இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை மீட்புச் சட்டம், 2030க்குள் ஒன்றியத்தின் நிலத்திலும் கடலிலும் குறைந்தது 20 விழுக்காட்டில் மீட்புப் பணிகள் நடக்க வேண்டும் என்றும், மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளின் வீழ்ச்சி தடுக்கப்பட வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஆனால் அதற்கெனத் தனி நிதியை ஒதுக்கவில்லை. பரப்பளவுக்குத் தரும் மானியத்தில் ஒரு பங்கை எடுத்து, ஓரத்தைப் பூக்க விட்ட சிறு உழவரிடம் சேர்ப்பதே நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து.