உமிச் சாம்பலும் ஓட்டையாகும் குழாயும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பரந்தன் பக்கத்தில் நெல் அவிக்கும் சிறிய ஆலையொன்றை நடத்துகிறோம். உமி எரியும் உலையிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் குழாய், வளைவின் வெளிப்புறத்தில் ஓட்டையாகிவிடுகிறது. தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்தால், அதற்குச் சற்று அப்பால் இன்னோர் ஓட்டை விழுகிறது. உலைக்குக் கிட்டவுள்ள வளைவுதான் முதலில் போகிறது. கடினமான உருக்குப் போட்டால் தீருமா?

– ஆலைக்காரர் ஒருவர், கிளிநொச்சி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

அதனால் மட்டும் தீராது. துகள் எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் வந்து மோதுகிறது என்பதே தகட்டின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாக எஞ்சும். அதில் பெரும்பங்கு சிலிக்கா. வீதியோரம் காயவிட்ட நெல்லென்றால் மணலும் கூடவே வரும். மணலிலுள்ள குவார்ட்ஸ், குழாய்த் தகடுகளில் வழக்கமாகப் பயன்படும் மென்னுருக்கைவிட (mild steel) கடினமானது. நேர்குத்தாக மோதும் மணல்மணி தகட்டில் குழி பதிக்கிறது. 15 முதல் 30 பாகை வரையான சரிவில் மோதும் மணியோ உளிபோல உலோகத்தைச் சீவி எடுக்கிறது. உருக்குப் போன்ற நெகிழும் உலோகங்கள் சரிவான மோதலில் ஏன் அதிகம் தேய்கின்றன என்பதை தேய்மான ஆய்வாளர் இயன் ஃபின்னி 1960இல் கணக்கிட்டு விளக்கினார்.

மோதிய துகள் அத்துடன் ஓய்ந்துவிடுவதில்லை. தகட்டுக்குச் செங்குத்தான திசையில் அதற்கிருந்த வேகத்தில் பெரும்பகுதி உலோகத்தை நசுக்குவதிலேயே செலவாகிவிட, தகட்டையொட்டிய திசையிலுள்ள வேகம் கூடுதலாக மிஞ்சுவதால், அது வந்ததைவிடத் தாழ்ந்த கோணத்தில் துள்ளிச் சென்று, சற்றுத் தள்ளி மறுபடியும் சரிவாகவே மோதுகிறது. உங்கள் ஒட்டுக்கு அப்பால் ஓட்டை விழுவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கணிப்பு. பழைய தகட்டை வெட்டியெடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிச் சிற்றலை வரிகள் தெரியக்கூடும். அவ்வரிகள் விழுந்தபின் ஒவ்வொரு துகளும் வெவ்வேறு சரிவைச் சந்திப்பதால், துள்ளும் திசையும் சிதறுகிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் விடேன் தபாகொஃப் குழுவினர் லேசர் கொண்டு இத்துள்ளலை அளந்தபோது, அதனால்தான் சராசரியோடு சிதறலையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள்.

வெப்பம் கேட்டைக் கூட்டுகிறது. 600 பாகை செல்சியஸில் மென்னுருக்கின் வலிமை, குளிர்ந்த நிலையில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடும். சூட்டில் படியும் ஒட்சைட்டுப் படலம், மெதுவாக வரும் நுண்சாம்பலைச் சிலவேளை தாங்கிக்கொள்ளும். வேகமான மணல் அதை உடைத்தெறிய, வெளிப்பட்ட உலோகம் மீண்டும் ஒட்சியேறி மீண்டும் உடைகிறது. சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய உருக்கும் இந்தச் சூட்டில் தன் கடினத்தை இழந்துவிடும். அதற்கு அதிக விலை கொடுக்க வேண்டாம்.

பணத்தை வேகத்தைக் குறைப்பதில் போடுங்கள். வேகம் இரட்டித்தால் தேய்வு 4 முதல் 8 மடங்காகிறது. குழாயின் விட்டத்தை 1.4 மடங்காக்கினால், அதே அளவு புகைக்கு வேகம் பாதியாகும். முடியுமானால் வளைவுக்குப் பதிலாக ஒரு முனை அடைத்த T வடிவக் குழாய் இணைப்பை வையுங்கள். அடைத்த முனையில் தேங்கும் சாம்பலின் மீதே பின்னால் வருவது மோதும். அதைத் துப்புரவாக்க ஒரு கதவு வேண்டும். பெரும்போக நெல் வந்திறங்கும் காலத்தில் உலையை நிறுத்த மனம் வராது என்பதால், இவ்வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சாம்பலை அள்ளுபவர்களுக்கு நல்ல முகக்கவசம் கட்டாயம் கொடுங்கள். அதிக சூட்டில் எரிந்த உமிச் சாம்பலில் படிகச் சிலிக்கா இருக்கக்கூடும், அது நுரையீரலைக் கெடுக்கும்.