ஆயுதம் ஏந்துவேன் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை என்றால்...

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். உறுதிமொழியில், சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவேன் என்று ஒரு வரி வருகிறது. கொல்லாமை எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வரும் சமய நெறி. கடைசியில் கடவுள் பெயரால் ஆணையிடுவதும் எனக்கு நெருடலாக இருக்கிறது. இவற்றைச் சொல்லாமல் குடியுரிமை பெற முடியுமா?

பதில்: முடியும். ஆனால் உங்கள் தயக்கத்தை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்க்குள் முணுமுணுத்துச் சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது உங்கள் நம்பிக்கைக்கும் அழகல்ல, எடுக்கப்போகும் உறுதிமொழிக்கும் அழகல்ல.

கடவுள் பெயர் விஷயம் எளிது. 'ஆணையிடுகிறேன்' என்பதற்குப் பதில் 'மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்' என்று சொல்லி, கடவுளை அழைக்கும் கடைசிச் சொற்களை விட்டுவிடலாம். அதற்குச் சான்று கேட்க மாட்டார்கள்.

ஆயுத வரிக்குத்தான் கொஞ்சம் உழைக்க வேண்டும். குடியுரிமைக்கான விண்ணப்பமான என்-400 படிவத்தில் இதையொட்டி மூன்று கேள்விகள் உண்டு: ஆயுதம் ஏந்துவீர்களா, படையில் ஆயுதமில்லாத பணி செய்வீர்களா, ராணுவம் சாராத அதிகாரிகளின் கீழ் நாட்டுக்கு முக்கியமான வேலை செய்வீர்களா. சமய நம்பிக்கை காரணமாக முதல் இரண்டிலிருந்து விலக்குப் பெறலாம். மூன்றாவதிலிருந்து முடியாது. முதல் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்பதா, இரண்டாவதற்கும் சேர்த்தா என்று இப்போதே யோசித்து முடிவு செய்யுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம், உங்கள் எதிர்ப்பு எல்லாப் போருக்கும் எதிரானதாக இருக்க வேண்டும். 'இந்தக் குறிப்பிட்ட போர் பிடிக்கவில்லை' என்பது அரசியல் கருத்து. அதற்கு விலக்கு இல்லை. கோயிலிலோ சபையிலோ உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. குருவோ போதகரோ கடிதம் தந்தால் உதவும். ஆனால் இந்த நெறி உங்களுக்குள் எப்படி வளர்ந்தது, அன்றாட வாழ்வில் அதை எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று நீங்களே உங்கள் சொற்களில் எழுதும் விளக்கத்துக்கு எடை அதிகம் என்பது என் கருத்து.

இந்தச் சலுகை சும்மா கிடைத்துவிடவில்லை. ஆணையிடுவதோ உறுதி கூறுவதோ அவரவர் விருப்பம் என்றும், அரசுப் பதவிக்கு மதத் தகுதி கேட்கக் கூடாது என்றும் 1787-இல் எழுதிய அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவே சொல்கிறது. அப்படியிருந்தும் 1929-இல் ரோசிகா ஷ்விம்மர் என்ற அமைதிவாதிக்கு, ஆயுதம் ஏந்த மாட்டேன் என்றதற்காக உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. போருக்கு அழைக்கப்படவே வாய்ப்பில்லாத, ஐம்பதைக் கடந்த பெண் அவர்! படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். 1946-இல் ஜிரார்டு வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. ஆயுதம் தொட மாட்டேன், ஆனால் படையில் வேறு பணி செய்கிறேன் என்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவருக்குக் குடியுரிமை கிடைத்தது. 1952-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் இந்த விலக்கு எழுத்திலேயே இருக்கிறது.

பழைய நாட்டின் மீதான விசுவாசத்தைத் துறக்கும் வரியைப் பார்த்தும் சிலர் கலங்குகிறார்கள். அங்கே நீங்கள் துறப்பது இன்னொரு அரசுக்கான அரசியல் பற்றை. உங்கள் தெய்வத்தையோ மொழியையோ அது தொடுவதில்லை.