மோக்கா பாட் தெறித்துக் கை வெந்தது: 'தவறான பயன்பாடு' என்று விற்றவர் கைகழுவ முடியுமா?

கேள்வி: அடுப்பில் வைத்துக் காபி போடும் அலுமினிய மோக்கா பாட் ஒன்றை நான்கு மாதம் முன்பு ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். போன வாரம் அடுப்பில் இருக்கும்போதே மேல்பாகம் பிய்த்துக்கொண்டு தெறித்தது. வலது கை முழுக்கக் கொப்புளம். "ஃபில்டர் காபித்தூள் போட்டது தவறான பயன்பாடு, நாங்கள் பொறுப்பல்ல" என்று விற்றவர் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். வழக்குப் போடலாமா? - வாசகி, கோவை

பதில்: போடலாம், அம்மா. அதற்கு முன் ஒன்று: அந்தப் பாத்திரத்தைக் கழுவாதீர்கள். புனலில் ஒட்டியிருக்கும் தூள், ரப்பர் வளையம், வால்வு எல்லாம் உள்ளபடியே இருக்கட்டும். உங்கள் வழக்கே அதற்குள்தான் இருக்கிறது.

கீழ்ப்பாகத்துத் தண்ணீரை ஆவியின் அழுத்தம் புனல் வழியாகத் தூளுக்குள் ஏற்றுகிறது. நம் ஃபில்டர் தூள் நைசானது, பெரும்பாலும் சிக்கரி கலந்தது. நனைந்ததும் பிசுபிசுத்து வழியை அடைக்கும். அழுத்தி நிரப்பினால் இன்னும் மோசம். ஆனால் அப்படி அடைத்தால் ஆவியை வெளியேற்றத்தான் பக்கவாட்டில் பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். தூள் ஏன் அடைத்தது என்பது விற்றவரின் கேள்வி. வால்வு ஏன் திறக்கவில்லை, மேல்பாகத்தை முறுக்கும் மரை ஏன் பிடிக்கவில்லை என்பது உங்கள் கேள்வி. அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பு மூன்று விஷயம் கேட்கும். தண்ணீர் வால்வுக்குக் கீழே நின்றதா? மேல்பாகத்தை முழுக்க முறுக்கினீர்களா? ஊற்றியது சிறுவாணித் தண்ணீரா, போர் தண்ணீரா? உப்புத் தண்ணீர் என்றால் வால்வில் படிந்து அடைத்தது என்பார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். பிரமாணப் பத்திரத்தில் ஒரு பொய் வந்தால் மற்ற உண்மைகளும் எடுபடாது.

சட்டம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. உற்பத்திக் குறைபாடு மட்டுமல்ல, சரியாகப் பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ போதிய அளவு தராததும் பிரிவு 84-இன்படி உற்பத்தியாளரின் பொறுப்பு. தவறான பயன்பாடு என்ற எதிர்வாதம் பிரிவு 87-இல் விற்பனையாளருக்கு உண்டு. ஆகவே கையேட்டைத் தேடி எடுங்கள். நைசான தூள் கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லையென்றால், அந்த மின்னஞ்சலே உங்களுக்குச் சாட்சி: ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குச் சொல்லவில்லை. எச்சரிக்கை தெளிவாக இருந்தால் வழக்கு வால்வையும் மரையையும் மட்டுமே நம்பி நிற்கும்.

இரண்டு நிவாரணங்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாத்திரத்தின் விலை 'குறைபாடு' என்ற தலைப்பில் வரும். கை வெந்ததற்கான இழப்பீடு 'பொருள் பொறுப்பு' (பொருளால் விளைந்த தீங்குக்கான பொறுப்பு) என்ற தலைப்பில் வரும். அதில் பாத்திரத்துக்கு நேர்ந்த சேதம் சேராது. ஒன்றாகக் கலந்து எழுதிய மனுக்கள் அங்கேதான் தடுமாறும்.

பில், அட்டைப்பெட்டி (வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும்), காயத்தின் தேதியிட்ட படங்கள், மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் சேருங்கள். பாத்திரத்தை எல்லாக் கோணத்திலும் படமெடுத்து, இரண்டு பேர் முன்னிலையில் பையில் போட்டு ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். "அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்றால் கூரியரில் போட்டுவிடாதீர்கள், போனது திரும்பாது. நுகர்வோர் ஆணையமே அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப் பிரிவு 38 வழி செய்கிறது. ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

விற்றவர், தயாரித்தவர் அல்லது இறக்குமதியாளர் இருவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. நீங்களே வாதாடவும் செய்யலாம். காலவரம்பு 2 ஆண்டு. ஆனாலும் கைக்காயம் ஆறும் முன்பே மருத்துவரிடம் காயத்தின் அளவை எழுதி வாங்கிவிடுங்கள்.