சீரியலில் வரும் பிரசவக் காட்சி கர்ப்பிணியின் மனத்தைப் பாதிக்குமா?

வளைகாப்பு முடிந்து பாளையங்கோட்டைத் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் தங்கை, சீரியலில் பிரசவக் காட்சி வந்தாலே அழுவது இயல்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இயல்புதான். வீட்டிலேயே பிரசவம் நடந்த காலத்தில் ஆச்சிமார் உடனிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதை, இன்று தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண் பெரும்பாலும் திரையில்தான் முதன்முதலில் பார்க்கிறாள்.

அங்கோ பனிக்குடம் உடைந்த மறுநொடியே அலறல், ஆட்டோ, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. பிறகு மருத்துவர் வெளியே வந்து, இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்பார். (விளம்பர இடைவேளைக்கு இதைவிட வசதியான வசனம் கிடையாது.) உண்மையில், நிறைமாதக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே வலி தொடங்கும் முன் பனிக்குடம் உடைகிறது, அப்போது வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். முதல் பிரசவத்தில் கருப்பை வாய் 5 செ.மீ. விரிந்த பிறகும் 12 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நடப்பதும் பேசுவதும் காத்திருப்பதுமாகக் கழியும் அந்த நேரம் முழுவதும் படத்தொகுப்பில் வெட்டப்பட்டு, ஆபத்து மட்டுமே மிஞ்சுகிறது.

பயத்தில் சுரக்கும் அட்ரினலின், குழந்தையை வெளியே தள்ளும் கருப்பைச் சுருக்கங்களைத் தளர்த்தக்கூடும் என்பதால், இந்த அச்சத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். டிவியை அணைக்கச் சொல்லி அதட்டுவதைவிட, சுகப்பிரசவம் ஆன மதினி ஒருவரை நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுங்கள். பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருப்பதை அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அதற்கு அனுமதி உண்டா என்று அடுத்த பரிசோதனையின்போது செவிலியரிடம் கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் பயம் நீடித்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.